சேலத்தைச் சுற்றி சைக்கிள்: ஓட்டுவதற்கு ஏற்ற வட்டாரம் எப்படி இருக்கும்?

சேலத்தில் யாராவது கியர் சைக்கிள் வாங்கினால் அக்கம்பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "ஏற்காடு ஏறிட்டீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். மொட்டை மாடிக்குப் போனால் வடக்கே சேர்வராயன் மலை தெரிகிற ஊரில் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டுவது சுகமா சலிப்பா என்பதை மலை மட்டும் முடிவு செய்வதில்லை. மலைக்குப் போகும் வழி ஒன்றா இரண்டா, மனசு மாறினால் பாதியில் திரும்பிவிட ஒரு கிளைச்சாலை இருக்கிறதா, தார் முடிந்த பிறகு தொடரும் மண்பாதை யாருடைய நிலம் வழியாகப் போகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பல விஷயங்கள் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. என்னைக் கேட்டால் அவற்றில் முதல் இடம் மலைக்கு இல்லை, சின்ன ரோடுகளுக்குத்தான்.

சின்ன ரோடுகளின் ஊர்

சேலத்திலிருந்து பெரிய சாலைகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரிகின்றன. ஒரு பக்கம் பெங்களூருக்கும் மறுபக்கம் நாமக்கல்லுக்கும் போவது தேசிய நெடுஞ்சாலை 44. சங்ககிரி, கோவை தாண்டிக் கொச்சி வரை போவது 544. ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டைக்குப் போவது 79. புதியவர்கள் பலரும் இவற்றில் ஒன்றில்தான் தொடங்குகிறார்கள். தார் வழுவழுவென்று இருக்கும், யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அலுத்துவிடும். அகலப்படுத்தும்போது வெட்டிய புளிய மரங்களோடு நிழலும் போய்விட்டது. கண்டெய்னர் லாரி ஒன்று ஒட்டிக் கடந்தால் அது கிளப்பும் காற்றில் ஹேண்டில் ஆடும். வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் மெல்லிய கம்பித் துணுக்குகள் சாலை ஓரத்தில்தான் ஒதுங்கும். நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தான். கண்ணுக்கே தெரியாத அந்தக் கம்பி டயருக்குள் தைத்திருந்தால், டியூபை எத்தனை முறை ஒட்டினாலும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். தர்மபுரி பக்கம் தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விபத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் இடம் அது. அங்கே சைக்கிளுக்கு வேலையே இல்லை.

இந்த ஆரக்கால்களுக்கு நடுவே ஊருக்கு ஊர் ஓடுகிற கிராமச் சாலைகள்தான் நமக்கு வேண்டியவை. சந்தைக்கும் கோயிலுக்கும் ஏரிக்கும் ஆட்களும் மாட்டு வண்டிகளும் போய்ப் போய் உண்டான தடங்கள்தான் பின்னாளில் தார் ரோடுகள் ஆயின. அதனால் அவை நேராகப் போவதில்லை. வயலைச் சுற்றும், கரட்டை ஒட்டி வளையும், ஏரிக்கரையில் ஏறி இறங்கும். வளைந்து போகிற ரோட்டில் பஸ்ஸும் டிப்பரும் மெதுவாகத்தான் வர முடியும். இப்படிப்பட்ட சாலைகள் ஒன்றையொன்று அடிக்கடி குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் சைக்கிளுக்கு நல்ல இடம். சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வரைபடத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டருக்குள், போன வழியே திரும்பாமல் எத்தனை விதமாகச் சுற்றி வரலாம் என்று பாருங்கள். இரண்டு மூன்றோடு நின்றுவிட்டால், அங்கே எத்தனை அழகான மலை இருந்தாலும் ஆறே மாதத்தில் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விடும்.

இந்தக் கணக்கில் சேலம் தாராளமாகத் தேறும். மேற்கே கஞ்சமலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தாதுக்குப் பேர்போன மலை. அடிவாரத்தில் சித்தர் கோவில். அங்கிருந்து தறிச் சத்தம் கேட்கும் இளம்பிள்ளை, அப்புறம் கைலாசநாதர் கோயில் சிற்பங்களுக்குப் பேர்பெற்ற தாரமங்கலம், அங்கிருந்து உருக்காலைப் பக்கமாக ஊருக்கு என்று மலையைச் சுற்றியே ஒரு காலை நேரத்தை ஓட்டிவிடலாம். பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. புதியவருக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சுற்றைத்தான். அமாவாசை நாளில் மட்டும் வேண்டாம், சித்தர் கோவில் கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

கிழக்கே போனால் வாழப்பாடி, பேளூர், புழுதிக்குட்டை, அங்கிருந்து ஆனைமடுவு அணை. போகப் போக இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கி வரும். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி வயல்களும், அதிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிகளும் உள்ள வழி இது. மாவு காயப்போட்ட களங்கள் வெயிலில் பளிச்சென்று கண்ணைக் கூசும், அந்தப் புளித்த வாடையும் கூடவே வரும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பழகிவிட்டது. தூரம் போகத் தெம்பு இருந்தால் எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டி. கதவணையால் காவிரி அங்கே தேங்கி விரிந்து நிற்கிறது. சைக்கிளைப் படகில் ஏற்றி அக்கரையில் நெருஞ்சிப்பேட்டையில் இறங்கினால் ஈரோடு மாவட்டம். திரும்பும்போது மேட்டூர் வழியாக வரலாம். 1934-ல் கட்டி முடித்த அணையையும் பார்த்த மாதிரி ஆயிற்று. நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வழி இது, முதல் மாதத்தில் வேண்டாம்.

ஏற்றம் என்பது ஒரு கணக்கு

சரி, இப்போது மலை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை மலைப்பாதை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறும் உயரம் தோராயமாக 1,000 மீட்டர்.

இந்த எண்களை வைத்துத்தான் ஒரு ஏற்றம் கடினமா இல்லையா என்று பார்க்க வேண்டும். 20 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் என்றால் நூறு மீட்டர் முன்னே போக ஐந்து மீட்டர் மேலே போகிறோம். இதைத்தான் ஐந்து சதவீதச் சரிவு என்பார்கள். இரண்டு மூன்று சதவீதம் வரை புதியவருக்கும் பெரிதாகத் தெரியாது. ஐந்து என்பது நீண்ட நேரம் ஒரே சீராக மூச்சு வாங்க வைக்கும், ஆனால் நிறுத்தாது. எட்டு, பத்து என்று போனால் கால் எரியும். பன்னிரண்டுக்கு மேலே புதியவர் இறங்கித் தள்ளுவதுதான் நடக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடம்புக்கு எவ்வளவு வேலை என்றும் கணக்குப் போடலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க சுமார் 780 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஓரளவு பழகிய ஆள் தொடர்ந்து 120 வாட் வரை மிதிப்பார் என்றால் தூக்குவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம். டயர் உருளும் தடையையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர். இந்தக் கணக்கு தெரிந்தவர் முதல் வளைவிலேயே வேகம் காட்டி ஐந்தாவது வளைவில் உட்கார்ந்துவிட மாட்டார். இரண்டு மணி நேர வேலை என்று தெரிந்தே தொடங்குவார், தண்ணீரும் அதற்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்வார்.

கியரின் பங்கும் இங்கேதான் தெரியும். கியர் இல்லாத பழைய சைக்கிளில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமதரையில் அது சரி. ஏற்றத்தில் ஒரே மிதியில் அவ்வளவு எடையை அவ்வளவு தூரம் இழுக்க முழங்கால் ஒத்துக்கொள்ளாது. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள கியரில் ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது இரண்டு மீட்டர் சொச்சம்தான். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் வரும். மெதுவாகத்தான் போகும், ஆனால் மூட்டு வலிக்காமல் மேலே சேர்த்துவிடும். மலைக்காகச் சைக்கிள் வாங்குபவர் பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஏற்காட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு: அயோத்தியாப்பட்டணம் தாண்டிக் குப்பனூர், அங்கிருந்து கொட்டச்சேடு வழியாக மேலே. சரிவு அதிகம், வண்டி குறைவு. மலை ஏறுவதில் கை தேர்ந்தவர்கள் இதைத்தான் விரும்புவார்கள், நானும் அந்தக் கட்சிதான். அடிவாரம் வழி மலைப்பாதை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் சைக்கிளுக்கான இடமே இல்லை. கார்கள் வரிசை கட்டும், நாற்பதடிப் பாலம், அறுபதடிப் பாலம் பக்கம் குரங்குக்குத் தீனி போட நடுரோட்டிலேயே வண்டியை நிறுத்துவார்கள். அதே பாதை வார நாளில் விடிகாலை ஆறு மணிக்கு வேறு மாதிரி இருக்கும். கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக மாற்றுவது வழக்கம், அப்போது குப்பனூர் ஏற்றத்தை நினைக்காமல் இருப்பதே மேல். இரண்டு வழி இருப்பதால் வந்த லாபம், மேலே போய்விட்டு வந்த வழியே இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. ஆனால் புதியவர் இறங்குவதற்குக் குப்பனூரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதற்குக் காரணம் பிரேக்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும், ரப்பர் கட்டையின் பிடிப்பு குறையும், சமயத்தில் டியூபே வெடிக்கும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவு தாண்டியதும் விட்டுவிட வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கும் இதே முறைதான். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆகவே கீழேயிருந்து ஹாரன் சத்தம் கேட்டால் இறங்கும் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

மேலே போன பிறகு

மலை ஏறியவர்களில் பாதிப்பேர் ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஏற்காட்டில் சைக்கிளுக்கு உண்மையான விருந்து அதற்கு அப்பால், லூப் ரோட்டில் இருக்கிறது. ஏரியிலிருந்து கிளம்பி 32 கிலோமீட்டர் மலைக் கிராமங்களைச் சுற்றிவிட்டு அங்கேயே கொண்டுவந்து சேர்க்கும் சாலை. நாகலூர் பக்கம் போனால் இருபுறமும் காபித் தோட்டங்கள், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் படர்ந்த மிளகுக் கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்று நிழலுக்காக மரங்களை விட்டு வைத்த பழக்கத்தால் இன்று நாமும் நிழலில் ஓட்டுகிறோம்.

இந்த ரோட்டின் அருமை அதன் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. எந்த ஏற்றமும் நீளமாக இல்லை. மூச்சு முட்டும் நேரத்தில் ஒரு இறக்கம் வந்துவிடும். அடிவாரத்திலிருந்து வரும் பாதையில் ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டிருந்த கால், இங்கே நிமிடத்துக்கு ஒருமுறை கியர் மாற்றும். சமவெளியைவிட வெப்பம் ஆறேழு டிகிரி குறைவு. ஆயிரம் மீட்டர் மேலே போனால் காற்று சுமார் ஆறரை டிகிரி குளிரும் என்பது பொதுவான கணக்கு. புதியவருக்கு ஒரு யோசனை: சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் முதலில் லூப் ரோட்டை ஓட்டிப் பாருங்கள். மலைப்பாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏறி வந்தால்தான் சைக்கிள்காரன் என்று சட்டம் எதுவும் கிடையாது. தோட்டங்களை ஒட்டிய இடங்களில் விடிகாலையிலும் அந்தியிலும் காட்டெருமை நிற்கலாம். நின்றால் மணி அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்தி, அது போகும் வரை காத்திருக்க வேண்டும்.

தார் முடிந்த இடத்தில்

மண்பாதை ஓட்டுவதற்குச் சேலம் எப்படி? வெளியூர் நண்பர்கள் கேட்டால் என் பதில் கொஞ்சம் இழுவையாகத்தான் வரும். மண் நன்றாக இருக்கிறது, பாதையும் இருக்கிறது, ஆனால் எல்லாப் பாதையும் நமக்கானது இல்லை.

மண்ணிலிருந்து தொடங்கலாம். இந்தப் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும்தான். இவை தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விட்டுவிடும். இரவு மழை பெய்தாலும் அடுத்த நாள் ஓட்டலாம். கரிசல் மண் அப்படி இல்லை. ஈரமானால் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. ஆக, மண்பாதைக்கு ஏற்ற வட்டாரம் என்றால் மழைக்கு மறுநாளும் ஓட்ட முடிகிற மண் முதல் தகுதி. அடுத்தது, கரடுமுரடு படிப்படியாகக் கூட வேண்டும். ஏரிக்கரை எளிது, வண்டித்தடம் அடுத்த நிலை, கரட்டின் அடிவாரத்தில் கல்லும் வேரும் கலந்த ஒற்றையடிப் பாதை அதற்கும் மேலே. சேலத்தில் முதல் இரண்டும் வேண்டிய அளவு உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கமோ பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கமோ போனால் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது வகையில்தான் சிக்கல். மலைச்சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது குற்றம், சைக்கிளுக்கு விதிவிலக்கு இல்லை. மேலே தோட்டங்களுக்குள் போகும் ஜீப் தடங்கள் பார்க்க ஆசையாக இருக்கும். அவை தனியார் நிலம். அடிவாரத்தில் மேக்னசைட் வெட்டும் வெள்ளைக் கரடுகள் படங்களில் அள்ளும், ஆனால் அது சுரங்க நிலம், டிப்பர் ஓடும், குழிகளின் விளிம்பு உடையும். மிச்சம் இருப்பவை மலைக் கிராமங்களை இணைக்கும் ஊர்ப்பொதுப் பாதைகள். அவற்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் விறகு சுமப்பவர்களும் நடக்கிறார்கள். எதிரே ஆள் வந்தால் இறங்கி வழிவிட்டு, "அண்ணா, இப்படியே போனா நாகலூர் போலாமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், பாதையும் தெரியும், அது யாருடைய இடம் என்பதும் தெரியும். சைக்கிளுக்கென்றே அனுமதியோடு ஒதுக்கி, பலகை வைத்த மண்பாதை நாலைந்து இருந்தால் இந்த மலை எங்கேயோ போயிருக்கும். அதுவரைக்கும் தார் ரோட்டுக்குச் சேலம் முதல் தரம், மண்பாதைக்கு இரண்டாம் தரம் என்பதுதான் என் மதிப்பெண்.

டயரைப் பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். தார் ரோட்டுக்கு மட்டும் என்றால் 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகலம் போதும். தாரும் மண்ணும் கலந்து ஓட்ட 40. கல் பாதைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல். மண்ணுக்குள் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் கல்லின் மேல் துள்ளாமல் படிந்து உருளும். பிடிப்பும் கூடும், முதுகும் தப்பிக்கும். சேலத்தில் இரண்டு வகைக்கும் சேர்த்து ஒரே சைக்கிள் என்றால் நான் 40-ஐத்தான் சொல்வேன். இங்கே நல்ல தார் ரோடு சொல்லாமல் கொள்ளாமல் மண்ரோடாக மாறுவது சகஜம். முள்தான் நம் ஊருக்கே உரிய தொல்லை. ஏரிக்கரை நெடுக நெருஞ்சி, வேலி ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் பால் போன்ற திரவம் சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். டியூப் டயர் என்றால் ஒரு உபரி டியூபும் கைப்பம்பும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். கிராமத்துப் பஞ்சர் கடையில் மோட்டார் சைக்கிளுக்கான கம்ப்ரஸர்தான் இருக்கும், உங்கள் மெல்லிய வால்வுக்கு அது பொருந்தாமல் போகலாம்.

காற்றும் காலமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் ஆனி ஆடியில் ஓட்டிப் பார்த்தவருக்கு எதிர்க்காற்று என்றால் என்னவென்று தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து இந்தப் பக்கமும் வந்துவிடும். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உடம்பில் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் அது காற்றில்லாத நாளைவிடச் சுமார் மூன்று மடங்கு. அந்த மாதங்களில் போகும்போது மேற்கே, திரும்பும்போது கிழக்கே என்று வழியை அமைத்துக்கொண்டால், களைத்த நேரத்தில் காற்றே முதுகில் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

பங்குனி, சித்திரையில் சமவெளியில் எட்டு மணிக்கு மேல் ஓட்டுவது உடம்புக்கு ஆகாது. மலையில் அந்த மாதங்களில் கோடை மழை பெய்தால் காபிப் பூ பூக்கும். அதற்காகவே லூப் ரோட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் நல்ல பருவம் மார்கழி தொடங்கி மாசி வரை. விடிகாலைக் குளிரில் இறங்கும்போது கைவிரல் மரத்துப் பிரேக் பிடிக்கச் சிரமமாக இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதைக்குப் போவதானால் முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்பவும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றது. இப்படி ஒரு பாதை அடைபட்டால் வண்டிகள் எல்லாம் மற்றொன்றுக்குத் திருப்பிவிடப்படும், அப்போது வழக்கமாகக் காலியாக இருக்கும் குப்பனூர் ரோட்டிலும் பஸ்ஸும் லாரியும் நிறைந்துவிடும். அந்த வாரங்களில் கஞ்சமலைச் சுற்றே போதும்.